முதல் கண்

"ஏனுங்க, நாலாயிரத்துப் பதினெட்டுன்னு போட்டிருக்குது."

"என்னது?"

"என்ற பக்கத்த ஒரே ஆளு அத்தனை தடவை பாத்திருக்குதாம். ஆருன்னு மட்டும் போடல."

மோகனசுந்தரம் தோசையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். தோய்த்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"மிஷினு தப்பா எண்ணியிருக்கும்."

"மிஷினு பாத்ததையெல்லாம் சேக்க மாட்டாங்களாம். நெசமான மனுசக் கண்ணு பாத்தாத்தான் கணக்காம். நியூஸ்ல சொன்னாங்க."

"அப்ப எவனோ வேலவெட்டி இல்லாதவன்."

"எவனோவா எவளோவா, அதுதானே தெரியல," என்றாள் ஹேமலதா.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஐம்பத்தேழு வயதில் ஒருவர் தன்னை நாலாயிரத்துப் பதினெட்டுத் தடவை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால் யாருக்கும் தோசைக்கல் மறந்துதான் போகும். அடுத்த தோசை தீய்ந்தது.

அன்று காலையிலிருந்து நாடு முழுக்க இதே பேச்சு. 'கூடம்' என்ற சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்திருந்த எல்லோருக்கும், பக்கத்தின் உச்சியில் ஓர் எண் முளைத்திருந்தது. என் பக்கத்தை அதிகமாகப் பார்ப்பது யார் என்று மக்கள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். அதைச் சொல்கிறோம் என்ற போலிச் செயலிகளிடம் ஏமாந்தார்கள். பிறகு வழக்குப் போட்டார்கள். பார்க்கப்படுகிறவருக்கு அறியும் உரிமை உண்டு என்றது ஒரு தரப்பு. பார்ப்பது என்ன குற்றமா என்றது இன்னொரு தரப்பு. கடைசியில் வந்த சட்டம் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி கொடுத்தது. எண்ணிக்கை தானாகத் தெரியும். பெயர் வேண்டுமானால் மனுப் போட வேண்டும். மிக அதிகமாகப் பார்த்த அந்த ஒருவருக்குச் சட்டம் வைத்த பெயர், முதல் கண்.

ஹேமலதாவின் பக்கத்தில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. 'இன்னைக்கு எங்கூட்ல' என்று பெயர். காலை ஏழரைக்குப் போனை மிக்ஸி ஜாரில் சாய்த்து வைத்து, அன்றைக்கு என்ன சமையல் என்று ஒரு நிமிடம் பேசுவாள். முகம் வராது. கையும் கரண்டியும் குரலும் மட்டும் வரும். பதினோரு வருஷமாக இப்படித்தான். பிடித்திருக்கிறது என்று பொத்தானை அழுத்துபவர்கள் ஏழெட்டுப் பேர்.

"நீங்க ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

"உன்ற சோத்தத்தான் தட்டுலயே பாக்கறனே, போன்ல வேற பாக்கோணுமா?" என்று எழுந்தார் மோகனசுந்தரம்.

கோபியில் கூட்டுறவுப் பால் குளிரூட்டும் நிலையத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை எடுத்த பிறகு போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பார். சாப்பிட்டதும் பழைய பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வழக்கம். அன்றும் பாட்டோடு படியேறினார்.

எட்டே காலுக்கு எதிர் வீட்டுச் சுபாஷிணி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு எறநூத்திப் பன்னெண்டுதானுங்க்கா. எங்க ஹெட்மாஸ்டரா மட்டும் இருந்துச்சு, நான் ராஜினாமாதான். உங்களுக்கு?"

ஹேமலதா சொன்னாள்.

"நாலாயிரமா! அக்கா, மொதல்ல உப்பு மொளகாய எடுத்துச் சுத்திப் போடுங்க. இத்தனை கண்ணு ஆகாது."

"என்ற மூஞ்சியே வராதே சுபா. கண்ணு எதுல படும்? கொத்தவரங்காயிலயா?"

"நானும் கேக்கோணும்னு இருந்தேன். ஏன் மூஞ்சியே காட்டறதில்ல நீங்க?"

ஹேமலதா அடுப்பைத் தணித்தாள்.

"முந்தி காட்டிட்டுத்தான் இருந்தேன். பெருந்துறையில எங்க நங்கையா இருக்காங்க. இவரோட அக்கா. பதினோரு வருஷத்துக்கு முந்தி அவங்க பொண்ணு நிவேதாவைப் பாக்க ஒரு எடம் வந்துச்சு. நல்ல எடம். புள்ள நீலப் பட்டுல தேராட்டம் நின்னுது. நான் ஆசையில ஒரு போட்டோ எடுத்து, 'எங்க நிவிக்கு நல்ல காலம்'னு எழுதி என்ற பக்கத்துல போட்டுட்டேன். இன்னும் உறுதி பண்ணல பாரு. அதுக்கு முந்தியே போட்டுட்டேன். ஊரே பாத்துச்சு. நாலாம் நாள் எடம் நின்னு போச்சு."

"அதுக்கும் போட்டோவுக்கும் என்னங்க்கா?"

"ஊர்க் கண்ணையெல்லாம் கூட்டியாந்து எம்புள்ள மேல போட்டியேன்னு நங்கையா கேட்டாங்க. இனி உன்ற பக்கத்த ஏறிட்டும் பாக்க மாட்டேன்னு சொல்லிப் போட்டாங்க. இவரு எனக்காகப் பேசப் போனாரு. அக்கா தம்பிக்குள்ள வார்த்தை முத்திப் போச்சு. உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன்னு இவரு. அவ்வளவுதான். போக்குவரத்து நின்னு போச்சு. நான் எல்லாப் போட்டோவையும் எடுத்துட்டேன். சோத்துக்கு ஆரு கண்ணு பட்டா என்ன, செரிச்சுப் போகும். அதான் சோறு மட்டும்."

சுபாஷிணி கொஞ்ச நேரம் விசிலைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளால் அதிக நேரம் துக்கமாக இருக்க முடியாது.

"ஏனுங்க்கா, படிக்கறப்ப உங்க பின்னாடி ஆராவது சைக்கிள்ல வந்தாங்களா?"

"போடி, பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சுருவாங்க."

ஆனால் அன்று சாயங்காலமே ஹேமலதா கடைவீதிக்குப் போய்ப் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கி வந்தாள். மறுநாள் வீடியோவில் கொத்தமல்லி அரிந்த கை கலகலவென்றது. குரலிலும் ஒரு குழைவு வந்திருந்தது.

"கல்யாணத்துக்குப் போறியா, கொத்தமல்லி அரியறியா?" என்றார் மோகனசுந்தரம்.

"பாக்கறவங்களுக்கு ஒரு மரியாத வேண்டாமுங்களா?"

ஊரிலும் நாலைந்து நாளில் என்னென்னவோ நடந்தது. சத்தி ரோட்டில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. இன்னொன்று திடீரென்று கூடி வந்தது. எதிரெதிரே மருந்துக்கடை வைத்திருந்த இரண்டு பேர், பத்து வருஷமாக ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்த்து வந்தது தெரிந்து, வெட்கத்தோடு ஒன்றாக டீ குடித்தார்கள். சுபாஷிணியின் பள்ளியில் பிள்ளைகள் 'உன்ற முதல் கண்ணு எவ்வளவு' என்று கேட்டே ஒருவரையொருவர் அழ வைத்தார்கள். பலர் அடுத்தவர் பக்கத்தைத் திறக்கவே பயந்தார்கள்.

"மனுப் போடப் போறனுங்க," என்றாள் ஹேமலதா.

"எதுக்கு?"

"ஆருன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும். உனக்கென்ன கையா தேயுது?"

"உங்களுக்கு ஏனுங்க இத்தனை கோவம்?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. வெயிலு. வெயில்ல ஏன் அலையறேன்னு கேட்டேன்." மோகனசுந்தரம் பாட்டை வைக்க மறந்து மாடிக்குப் போனார்.

"அண்ணனுக்குப் பொறாமைங்க்கா," என்று சுபாஷிணி சொன்னபோது ஹேமலதாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மனு வாங்கும் அலுவலகம் பழைய டெலிபோன் கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஒரே கவுண்டர். உள்ளே ஷர்மிளா என்று பெயர்ப் பலகை மாட்டிய பெண். முப்பது வயது இருக்கும். ஹேமலதாவுக்கு முன்னால் வரிசையில் இரண்டே பேர்.

முதலில் நின்றவள் கல்லூரிப் பெண். கூட அப்பாவும் ஒரு பெண் போலீசும் நின்றார்கள். அவள் எண் ஒன்பதாயிரத்துக்கு மேல். இரண்டு வருஷத்தில். பெண் போலீஸ் கூட நின்றதால் ஷர்மிளா சட்டத்தின் வேறொரு பிரிவைச் சொல்லி, வேறு நிறத் தாளை எடுத்து, "இதுக்கு அந்தாளோட சம்மதம் வேண்டியதில்லம்மா. பயப்படாம போ," என்றாள். அந்தப் பெண் படியிறங்கும்போது துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டதை ஹேமலதா பார்த்தாள். பார்த்த தன் கண்ணை உடனே எடுத்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு பெரியவர்.

"எனக்கு எத்தனைன்னு பாத்துச் சொல்லு தாயி. எழுத்து பொடிசா இருக்குது."

"மூணுங்கய்யா."

"முன்னூறா?"

"மூணுங்க."

"மூணாவது இருக்குதே. ஆருன்னு கேட்டுச் சொல்லு."

"கேக்கலாமுங்கய்யா. ஆனா நீங்க கேட்டீங்கன்னு அவங்களுக்குச் சேதி போயிரும். அவங்க சரின்னு சொன்னாத்தான் பேரு வரும். சங்கடப்பட்டுட்டு அப்பறம் பாக்காமயே விட்டுட்டாங்கன்னா இந்த மூணோட நின்னு போயிரும்."

பெரியவர் யோசித்தார். மனுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாலு ஆகட்டும், வர்றேன்," என்று போனார்.

ஹேமலதா அதையும் கேட்டாள். கேட்டுவிட்டும் தாளை நீட்டினாள்.

"நாலாயிரத்து இருபத்தி மூணு," என்று திரையைப் பார்த்தாள் ஷர்மிளா. "அம்மா, நீங்க போட்டது மொத்தம் நாலாயிரத்து முப்பத்தி ஒண்ணு. நாளுக்கு ஒண்ணு. அவங்க பாக்காதது எட்டே எட்டுதான். மொத நாள்ல இருந்தே பாக்கறாங்க."

"அந்த எட்டு எதுன்னு சொல்லலாமுங்களா?"

"நாளு சொல்லலாம், பேருதான் கூடாது. சேர்ந்தாப்புல எட்டு நாளுங்க. ஆறு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாசம்."

"தீபாவளிச் சமயம். பலகாரம் சுடற வேலையா இருந்திருக்கும் பாவம்," என்றாள் ஹேமலதா. அவள் மனதில் அந்த ஆளுக்கு அதற்குள் ஒரு சமையலறையே வந்திருந்தது. "வேற ஆராவது அவங்க போனை எடுத்துப் பாத்திருந்தா?"

"யாரோட போனுங்கறது கணக்கில்லம்மா. திரை கண்ணத்தான் அடையாளம் வெச்சுக்கும். இது ஒரே கண்ணு."

"சேதிய அனுப்பிருங்க."

"கடைசியா கேக்கறேன். அனுப்பட்டுங்களா?"

"அனுப்புங்க."

மறுநாள் எண் நாலாயிரத்து இருபத்து மூன்றிலேயே நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் ஹேமலதா எண்ணெயில் வெல்லக் கச்சாயம் சுட்டுக் காட்டினாள். நாலாம் நாள் ஒப்புட்டு. தட்டில் நெய் மினுங்க, "வாங்க, சூடா இருக்குது," என்றாள் போனைப் பார்த்து. ஏழெட்டுப் பேர் பொத்தானை அழுத்தினார்கள். எண் அசையவில்லை.

வீட்டில் மோகனசுந்தரமும் சரியில்லை. ஒப்புட்டில் பாதியை வைத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். மாடியிலிருந்து பாட்டும் கேட்கவில்லை. போனைக் கையில் எடுப்பார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், திறக்காமல் மேசையில் கவிழ்த்து வைப்பார்.

ஆறாம் நாள் காலை ஹேமலதா போனை மிக்ஸி ஜாரில் சாய்த்தாள். பேச வாய் வரவில்லை. கீரையை ஆய்ந்தாள், ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்தினாள். கையில் வளையல் இல்லை.

"என்னம்மா?" என்றார் மோகனசுந்தரம்.

"அந்த ஆளு போயிருச்சுங்க."

மோகனசுந்தரம் மேசையில் கவிழ்த்திருந்த போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பதினோரு வருஷமா தெனமும் ஒரு ஆளு வந்துட்டுப் போயிருக்குது. எனக்குத் தெரியாதப்ப நல்லாத்தான் இருந்துச்சு. தெரிஞ்சு, கதவத் தொறந்து 'ஆரது'ன்னு அதட்டுன மாதிரி பண்ணிப் போட்டேன். இப்ப ஆருக்குப் பேசறேன்னு இருக்குதுங்க."

"உனக்கு ஆருன்னு தெரியோணுமே."

"ஆரா இருந்தா என்ன? எனக்குத் தெரிய வேண்டாம். மறுபடி பாத்தாப் போதும்."

மோகனசுந்தரம் நிமிர்ந்தார். "அந்த மனுவத் திரும்ப வாங்கிக்கலாமா?"

"வாங்கலாமுன்னுதான் எழுதியிருந்துச்சு. வெயிலு..."

"வண்டிய எடுக்கறேன், பொடவைய மாத்திட்டு வா."

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் உறுமியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சீக்கிரம் கிளம்பி அவள் பார்த்ததில்லை.

"இந்த வாரம் நாப்பது பேரு திரும்ப வாங்கிட்டாங்கம்மா," என்றாள் ஷர்மிளா. "எல்லாருக்கும் கேட்டுப்போட்டுத்தான் கேட்டிருக்க வேண்டாம்னு படுது."

"அந்தப் பொண்ணு? ஒம்பதாயிரம்?"

"அவனப் புடிச்சாச்சு. அந்தப் புள்ள மறுபடி காலேஜுக்குப் போகுது. அதுக்காகவாவது இந்த ஜன்னல் இருக்கட்டும்மா." ஷர்மிளா முத்திரை குத்தினாள். "மனு வாபஸ்னு அவங்களுக்கும் சேதி போயிருச்சு."

ஹேமலதாவுக்குப் பின்னால் எதுவோ டிங் என்றது. திரும்பிப் பார்த்தாள். மோகனசுந்தரம் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் போனைப் பையில் திணித்தார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு எண் நாலாயிரத்து இருபத்து நான்கு. ஹேமலதா போனைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கே ஓடினாள். சுபாஷிணி சந்தோஷத்தில் விசிலே ஊதிவிட்டாள். தெருவில் போன சைக்கிள்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"ஆருன்னு கண்டுபுடிக்க எனக்கு ஒரு வழி தெரியுமுங்க்கா."

"வேண்டாம் தாயே. கேட்டுப் பட்டது போதும்."

"கேக்க வேண்டாமுங்க. தப்பா ஒண்ணு சொல்லுங்க. நான் கிரவுண்டுல 'ஒண்ணு, ரெண்டு, நாலு'ன்னு எண்ணுனாப் போதும், எத்தனை தூங்குமூஞ்சியா இருந்தாலும் 'மூணு மிஸ்'னு கத்தும். தெனமும் உங்களக் கேக்கறவங்க சும்மா இருந்துருவாங்களா?"

ஹேமலதா வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் அரிசி ஊற வைத்தாள், இட்லியாக வேக வைத்து இடியாப்பம் போலப் பிழியும் சந்தகைக்கு. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சந்தகை பிழிந்ததில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சின் பிடியைச் சுற்ற வேண்டும், ஒருவர் அடியில் தட்டைப் பிடித்து இழை விழ விழத் திருப்ப வேண்டும். ஏன் சந்தகை என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை வெந்த இட்லிகளைத் தட்டில் அடுக்கிவைத்துப் பேசினாள். "இன்னைக்கு எங்கூட்ல சந்தகைங்க. வெந்ததும் அவசரப்பட வேண்டாம். இட்லிய நல்லா ஆற வெச்சுருங்க. மத்த வேலையெல்லாம் முடிச்சுட்டுச் சாவகாசமாப் பிழிஞ்சுக்கலாம்."

மோகனசுந்தரம் சாப்பிட்டு முடித்துப் பாட்டோடு மாடிக்குப் போனார். பக்கத்தில் இரண்டு பேர், 'அக்கா, சூடா இருக்கும்போதே பிழியணும்' என்று சிரிப்புப் படம் போட்டு எழுதினார்கள். தினமும் எழுதுகிற ஆட்கள்தான். ஹேமலதா பாத்திரம் துலக்கப் போனாள்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. தெரியாத எண்.

"சந்தகைய ஆற வெச்சுப் பிழியறவ எந்த ஊர்க்காரி?"

ஹேமலதாவின் கையிலிருந்து துலக்கும் நார் நழுவியது. பதினோரு வருஷம் ஆனாலும் அந்தக் குரலில் ஒரு சுருதி குறையவில்லை.

"நங்கையா..."

"நங்கையா இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ கல்யாணமாகி வந்த வருசம் என்ற கையால உனக்குச் சொல்லிக் குடுத்தது. எடுத்த சூட்டோட அச்சுல போடோணும்னு எத்தனை தடவை சொன்னேன்? ஆறுனா அது சந்தகையா, செங்கல்லா? அதச் சுத்துனா கை என்னத்துக்காகும்?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா சொன்னே?"

"தெரிஞ்சுதானுங்க சொன்னேன்."

அந்தப் பக்கம் நாத்தனார் வசந்தாமணி ஒரு மூச்சு விட்டாள். அது சிரிப்பில் பாதி.

"அப்ப நீங்கதானுங்களா? தெனமும் என்ற பக்கத்தப் பாக்கறது நீங்கதானுங்களா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்? ஏறிட்டும் பாக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். இன்னைய வரைக்கும் ஒரு நாள் உன்ற பக்கத்தத் தொறந்ததில்ல."

"பொறவு சந்தகை?"

"தம்பி அனுப்பறானில்ல."

"ஆரு?"

"ஆருன்னு கேக்கற? எனக்கு எத்தனை தம்பி? மோகனுதான். வெடியால எட்டரைக்கு டிங்குனு வந்துரும். ரெண்டு வார்த்தை எழுதுனதில்ல அவன். 'அக்கா சாப்பிட்டியா'ன்னு ஒரு எழுத்து இல்ல. உன்ற வீடியோ மட்டும் வரும். நானும் எழுதல. வாசப்படிதான் மிதிக்க மாட்டேன்னானாம், இது வாசப்படியில்லையாம். என்ற கிட்டயும் அதே நாயந்தான். நான் உன்ற பக்கத்துக்கு வர்ல, அதுவா என்ற போனுக்கு வருது."

ஹேமலதா மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். மாடியில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"கேக்கறியா?"

"கேக்கறனுங்க."

"ஒரு தடவை எட்டு நாள் வராம நின்னு போச்சு. ஆறு வருசமிருக்கும். நான் கெடந்து அல்லாடறேன். எங்கூட்டுக்காரரு விசாரிச்சுட்டு வந்து, மோகனுக்குக் கண்ணுல புரை எடுத்திருக்காங்க, போனைத் தொடக் கூடாதாம்னு சொன்னதும்தான் உசுரு வந்துச்சு."

ஐப்பசி. எட்டு நாள். ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டது ஹேமலதாதான். அந்த எட்டு நாளுக்குத்தான் அவள் பலகாரம் சுடும் ஒரு சமையலறையைக் கட்டி வைத்திருந்தாள்.

"இப்ப மறுபடி நின்னுச்சு பாரு. ஆறு நாளு. உனக்கு என்னாச்சோ அவனுக்கு என்னாச்சோன்னு சோறு எறங்கல எனக்கு. நேத்து வந்ததும், இனி நேராவே ஒரு வார்த்தை கேட்டுரலாமான்னு நெனச்சேன். வீம்பு விடல. இன்னைக்கு நீ ஆற வெக்கச் சொன்னே. அதுக்கு மேல பொறுக்க முடியல."

"நங்கையா, அந்தப் போட்டோ... நான் போட்டிருக்கக் கூடாதுங்க."

"போட்டிருக்கக் கூடாதுதான். ஆனா எடம் நின்னது அதுனால இல்ல. அந்தப் பையன் வேற ஒரு புள்ளைய மனசுல வெச்சிருந்தானாம். ரெண்டே மாசத்துல வெளிய வந்துருச்சு. கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்குத்தான் உன்ற கிட்ட வந்து சொல்ல வாய் வரல."

"பதினோரு வருஷம் கழிச்சுச் சொல்றீங்க."

"நீ ஒழுங்காச் சந்தகை பிழிஞ்சிருந்தா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலே எங்கேயோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. யாருடையது என்று இருவரும் விசாரிக்கவில்லை. நிவேதா நன்றாக இருக்கிறாளாம். இரண்டு பெண்கள். சின்னது அச்சு அசல் வசந்தாமணி மாதிரி வாயாடுமாம்.

"ஞாயித்துக்கெழம வாங்க," என்றாள் ஹேமலதா. "அச்சு பரண்லயே கெடக்குது. தட்டுப் புடிக்க ஆளில்ல."

"வர்றேன். ஹேமா, நான் பேசுனதை மோகனுகிட்டச் சொல்லிராத. வெக்கப்பட்டுட்டு நாளையிலிருந்து அனுப்பாம விட்டுருவான்."

"அதான் நேர்லயே வர்றீங்களேங்க."

"நேர்ல வர்றது வேற. எட்டரைக்கு அது வரோணும் எனக்கு."

போனை வைத்தபோது மோகனசுந்தரம் காலி வாளியோடு படியிறங்கி வந்தார்.

"ஆரு போன்ல? சிரிப்புச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுது."

ஹேமலதா அவரைப் பார்த்தாள். வேட்டி ஓரத்தில் சேறு. நெற்றியில் ஏற்றி விட்ட கண்ணாடி. பழைய பாட்டுக்குள் பதினோரு வருஷம் எதையோ ஒளித்து வைத்திருந்த மனிதர் மாதிரியே இல்லை.

"ஞாயித்துக்கெழம விருந்தாளி வர்றாங்க. பரண்லிருந்து சந்தகை அச்ச எறக்கிக் குடுங்க."

"ஆரு வர்றது?"

"கேக்காதீங்க. நீங்க கேட்டது அவங்களுக்குத் தெரிஞ்சுரும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டு ஆரு புடிக்கறது?" என்று பரணுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதுக்கும் ஆளு வருதுங்க."

"தூசி. கண்ணுல விழுந்துருச்சு," என்றார் மோகனசுந்தரம். அச்சை எடுக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

மறுநாள் காலை ஏழரைக்கு ஹேமலதா பச்சை வளையல்களை மாட்டிக்கொண்டாள். தலையை வாரினாள். போனை மிக்ஸி ஜாரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தாள்.

"நேத்து ஒண்ணு தப்பாச் சொல்லிட்டனுங்க. சந்தகைய ஆறவே வெக்கக் கூடாது. சூடா இருக்கறப்பவே ரெண்டு பேராப் பிழிஞ்சுரோணும். இன்னைக்கு எங்கூட்ல கொள்ளுப் பருப்பு," என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் திரையில் அவள் முகமும் வந்தது.

எட்டரைக்குப் பாட்டு படியேறியது. எட்டே முக்காலுக்கு ஹேமலதா எண்ணைப் பார்த்தாள். தினமும் ஒன்று கூடும். அன்று அந்த ஒரே கண்ணுக்கு இரண்டு கூடியிருந்தது.